ஆணிப்பெட்டியும் நான்கு பால் டின்களும்

சயாமுக்கு ஆள் கேட்டு வந்த காகிதத்தில் ஏழு வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்து வரிசையிலிருந்து ஒரே ஒருவரைத்தான் கேட்டிருந்தார்கள். எல்லா ஆண்களும் வேண்டும் என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஒருவர் போதும் என்றதும் ஏழு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில்கூடப் பேச்சில்லை. எங்கள் லயத்துக் குழாயடி வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலாயாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்கார துரை ஓடிப்போய், ஜப்பான்காரன் ஆட்சி வந்து, தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம். சயாம் காட்டில் ரயில் பாதை போடுகிறார்கள், அதற்கு ஆள் போகவேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, ஆள் எண்ணுகிற காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்திவைத்துப் படித்துக் காட்டினார். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், வயிறார அரிசிச் சோறு உண்டு என்றும் அதில் எழுதியிருந்ததாம். மேல் லயத்திலிருந்து முதல் தடவை போனவர்களைப் பற்றி அதற்குள் அரை வருடமாக ஒரு தகவலும் இல்லை. அதனால் மூன்று மாதக் கதையை யாரும் நம்பவில்லை. படித்த கிராணியும் நம்பினதாகத் தெரியவில்லை.

எல்லா வீட்டிலும் போகத்தக்க ஆண் ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பேர். ஒருவர் அப்பா. இன்னொருவர் எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகாதவன்தானே, அவன் போகட்டுமே என்று கங்காணி மெதுவாக ஆரம்பித்தார். அம்மா அவரை முடிக்க விடவில்லை.

"கல்யாணம் ஆகலைன்னா அவன் உசுரு என்ன மலிவா? அம்மா இல்லாத பிள்ளைய நான் தூக்கி வளத்தேன். எல்லாருக்கும் என்ன நியாயமோ அதுதான் அவனுக்கும்."

நியாயம் என்று ஒன்று வேண்டியிருந்ததால்தான் ஆணிப்பெட்டியின் பேச்சு வந்தது.

ஆணிப்பெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். துரை அதை என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ தெரியாது. நான்கு காலில் நிற்கும் சாய்வான மேசை, மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே பலகை முழுக்கப் பித்தளை ஆணிகள், நடுநடுவே குழிகள், ஒவ்வொரு குழிக்கும் ஓர் எண். வலது ஓரத்தில் சுருள்கம்பி வைத்த பிடி. அதை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு ஒன்று மேலே ஓடி, வளைந்து, ஆணிக்கு ஆணி முட்டிக்கொண்டு இறங்கி வரும். எண் போட்ட குழியில் விழுந்தால் உள்ளே இருக்கிற பேட்டரியால் மணி அடிக்கும். எதிலும் விழாமல் அடியில் போய்ச் சேர்ந்தால் ஒன்றுமில்லை. அந்த அடிப்பள்ளத்துக்கு நாங்கள் 'சுடுகாடு' என்று பெயர் வைத்திருந்தோம். பிள்ளைகள் வைக்கிற பெயர்தானே, அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிற்காலத்தில் என் மகன் ஈப்போவில் ஒரு கடையில் இதே மாதிரி பெட்டியைக் காட்டினான். அதில் கீழே இரண்டு பக்கமும் குட்டைக் கைபோல ஒன்று இருந்தது. பொத்தானை அமுக்கினால் விழப்போகிற குண்டைத் திருப்பி மேலே தட்டிவிடலாம். எங்கள் பெட்டிக்கு அந்தக் கை கிடையாது. இழுத்துவிட்டால் விட்டதுதான். அப்புறம் பெட்டியைப் பிடித்து ஆட்டினால்தான் உண்டு. அப்படி ஆட்டினால் உள்ளே தொங்குகிற ஒரு கம்பி போய் முட்டும், தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரியும், பெட்டி செத்துப்போகும். ஆடியவர் தோற்றார் என்று அர்த்தம்.

இதெல்லாம் அப்பா சொல்லித்தான் தோட்டத்துக்கே தெரியும். அப்பா துரை பங்களாவில் சமைத்துப் பரிமாறும் குசினிக்காரர். ஒரு தடவை விருந்துக்கு வந்த டாக்டர் துரை யாருக்கும் தெரியாமல் பெட்டியைத் தள்ளப் பார்த்தாராம். சிவப்பு விளக்கு பட்டென்று எரிந்துவிட்டதாம். எல்லா துரைகளும் சிரித்ததில் டாக்டர் துரையின் முகம் அந்த விளக்கைவிடச் சிவந்துவிட்டதாம். அப்பா தட்டோடு நின்று பார்த்திருக்கிறார். இந்தக் கதையை அவர் எங்கள் லயத்தில் சொல்லாத வீடு இல்லை. சொல்லச் சொல்ல, வெள்ளைக்காரனையே திருடன் என்று காட்டிக்கொடுத்த பெட்டி என்று அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஜப்பான்காரர்கள் வந்து பங்களாவிலிருந்து ரேடியோ, கட்டில், மெத்தை எல்லாவற்றையும் லோரியில் ஏற்றினார்கள். பெட்டியை மட்டும் ஏற்றாமல் ஓர் அதிகாரி ஆடிப் பார்த்தார். குண்டு நேரே சுடுகாட்டுக்குப் போயிற்று. இன்னொரு தடவை ஆடினார், மறுபடியும் அப்படியே. தூக்கிப் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமாவும் இன்னும் மூன்று பேரும் அதை மலைச்சரிவில் சுமந்து இறக்கி, ஆயாக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைத் தூளி கட்டிப் போட்டிருக்கும் கொட்டகை அது. எறும்பு ஏறாமல் இருக்க ஆயா நான்கு காலுக்கும் நான்கு பால் டின் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். டின்னில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குக் கூலியாக நான் தினமும் ஆடிக்கொள்ளலாம்.

மாமா தேயிலை ஆலையில் என்ஜின் துடைத்தவர். ஒயரைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார். காசு போடாமல் குண்டு வரும்படி செய்தது அவர்தான். பிள்ளைகள் ஓயாமல் ஆட்டி ஆட்டிச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால் பேட்டரி தீருகிறது என்று ஒருநாள் அடியில் படுத்து அந்த விளக்குக்குப் போகும் ஒயரை அறுத்துவிட்டார்; அதன்பின் ஆட்டினாலும் பெட்டி சாகாது. மிச்சமிருக்கிற பேட்டரி மணிக்கு ஆகட்டும் என்றார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். விளக்கு செத்தது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தெரிந்தால் பிள்ளைகள் பெட்டியை உடைத்தே விடுவார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை; ஆட்டினால் உதை என்று மாமா அவர்களை மிரட்டியும் வைத்தார்.

அதன் பிறகு மாமா எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். கையால் ஆட்டினால் கண்ணுக்குத் தெரியும். குண்டு விழப்போகிற நேரம் பார்த்து முட்டியால் பெட்டியின் காலை ஒரு தொடு தொட்டால் போதும். என் முட்டிக்கு அவ்வளவு பலம் இல்லை, ஆகையால் இடுப்பு. அந்த மனிதர் முட்டியாலேயே எத்தனை பேரிடம் பீடி ஜெயித்திருக்கிறார்! எனக்கும் நன்றாகவே வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வித்தை எனக்கு வராமலே போயிருக்கலாம்.

சரி, நியாயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரி காரியத்துக்கு எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டிப் போட்டு, கபடு தெரியாத ஒரு சின்னப்பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். மேல் லயத்துக்கு அப்படித்தான் நடந்தது. வெள்ளை வந்தால் போகவேண்டாம்; இரண்டு தடவையும் கங்காணியின் மச்சினனுக்கு வெள்ளைப் பூ. இரண்டு தடவையும் பொட்டலம் கட்டியது கங்காணி பெண்டாட்டி. அம்மன் மேல் யாருக்கும் சந்தேகமில்லை, பொட்டலத்தின் மேல்தான்.

எங்களுக்கு ஒரு வீடு தள்ளி இருந்தவர் வேதக்காரர், கிறிஸ்தவர். லயத்தில் எல்லோரும் அவரை அப்படியே கூப்பிடுவார்கள். அவர் மனைவிக்கு அது நிறைமாதம், ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். அவர்தான் எழுந்து நின்று சொன்னார்.

"பூவும் வேணாம், சீட்டும் வேணாம். ஆணிப்பெட்டியில பாத்துக்குவோம். அதுக்குச் சொந்தக்காரன் யாரும் நம்மள்ல இல்ல. தொரையவே புடிச்சுக் குடுத்தது. அது சொன்னா நான் போறேன்."

எல்லோருக்கும் சரியென்று பட்டது. அப்பா தலையாட்டினார், அவருடைய கதைதானே அது. ஆளுக்கு ஒரு குண்டு, குறைந்த எண் வாங்கியவர் போகவேண்டும் என்று முடிவாயிற்று. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். விளக்கு எரியாது என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா புருஷனைக் காப்பாற்ற அந்த முட்டியை மனதில் வைத்திருந்தாரோ, தன்னையே காப்பாற்றிக்கொள்ளவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூ எடுக்கிற மாதிரியே, பிடியை இழுக்கவும் ஒரு பிள்ளை வேண்டும் என்றார் பூசாரி. ஆண்பிள்ளை வேண்டாம், பெண்பிள்ளை கைதான் ராசி. அந்தப் பெட்டியோடு பழகினவளாக இருந்தால் குண்டு பாதியில் நின்றுபோகாமல் இழுப்பாள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லோருடைய கண்ணும் என்மேல் வந்து நின்றது. கபடு தெரியாத பிள்ளையாம் நான்! மாமாவைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவருக்கும் பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். சிடுக்கில் சீப்பு மாட்டியும் நான் கத்தவில்லை, அவளும் திட்டவில்லை. பின்னலை இறுக்கி முடிந்துவிட்டு என் காதோரம் குனிந்தாள்.

"ரெண்டு பேருக்கும் பாத்து இழு கண்ணு. ரெண்டு பேரும் எனக்கு வேணும்."

இழுத்துவிட்ட பிறகும் என்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிந்ததுதான் பயமாக இருந்தது.

கொட்டகையில் தூளிகளை அவிழ்த்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். வெளியே மூடுபனி, பகலிலேயே உள்ளே இருட்டாக இருந்தது. பூசாரி கண்ணாடிமேல் திருநீற்றைப் பூசி, தலைமாட்டில் ஒரு செம்பருத்தியை வைத்துக் கற்பூரம் காட்டினார். வேதக்காரர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். கிராணி கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து நின்றார், எண் படிப்பது அவர் பொறுப்பு. பேட்டரி ஒயர் தளர்ந்து போயிருந்ததால் யாராவது அதை அழுத்திப் பிடித்தால்தான் மணி அடிக்கும். அது மாமாவின் வேலை. எனக்கு எதிர்ப்பக்கம், பின்காலை ஒட்டி நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டார்.

முதல் வீட்டிலிருந்து வரிசையாக இழுத்தேன். முந்நூறு, இருநூறு, ஐந்நூறு, மறுபடி முந்நூறு. மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு வீட்டார் மட்டும் மூச்சு விட்டார்கள். ஐந்தாவது வேதக்காரர். அவருடைய குண்டு அங்குமிங்கும் அலைந்து கடைசிக் குழியில் விழுந்தது. நூறு. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது வீட்டுக்கு இருநூறு. மிச்சம் எங்கள் வீட்டு இரண்டு குண்டுகள்தான்.

அப்பாவுக்கு இழுத்தேன். கை வியர்த்துப் பிடி வழுக்கியது. குண்டு பாதி வேகத்தில் ஏறி, மேல் குழிகள் எதையும் தொடாமல் இடதுபக்கமாக இறங்கிக்கொண்டே வந்தது. இருநூறைத் தாண்டியது. நூறையும் தாண்டப் பார்த்தது. அதற்குக் கீழே சுடுகாடுதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இடுப்பு தானாகப் போய் முன்காலைத் தொட்டது. குண்டு ஓர் ஆணியில் தெறித்து, குறுக்கே ஓடி, வலதுபக்கம் தாழ்வாக இருந்த இன்னொரு குழியில் விழுந்தது. மணி அடித்தது. இருநூறு என்றார் கிராணி. சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதை எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். வாசற்படியிலிருந்து ஓர் அழுகை கிளம்பியது. அது சத்தமான அழுகை இல்லை, ஆனால் எனக்கு முதுகெல்லாம் கேட்டது.

மாமாவுக்குக் கடைசிக் குண்டு. இந்தத் தடவை உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நன்றாக இழுத்தேன். அந்த மாதிரி நான் அதற்கு முன்பு இழுத்ததே இல்லை. குண்டு வளைவை முழுக்கச் சுற்றி, ஆணிகளுக்கு நடுவே நேராக இறங்கி, நடுவிலிருந்த ஆயிரம் குழியை நோக்கி வந்தது. விளிம்பில் ஏறியும் விட்டது. அப்பா தப்பினார், மாமாவும் தப்பினார். நான் பெட்டியைத் தொடவே இல்லை, தொடத் துணிவும் இல்லை. அந்தக் குண்டு விளிம்பில் ஒரு கணம் நின்றது. பிறகு வெளியே நழுவி, கீழே எதிலும் முட்டாமல் நேராகச் சுடுகாட்டில் போய் விழுந்தது.

மாமா ஒயரை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. பெட்டி சொல்லிருச்சு. லோரி எப்ப வருது கிராணி?"

அம்மா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை, மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தானா ராத்தா பட்டணத்திலிருந்து லோரி வந்தது. மாமாவிடம் ஒரு சாக்குப்பையும் அப்பாவின் கம்பளியும் இருந்தன. ஏறுவதற்கு முன் என் பின்னலைப் பிடித்து லேசாக இழுத்தார்.

"பெட்டிய யாரும் ஆட்டாமப் பாத்துக்க. நீயும்தான்."

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். விளையாட்டுச் சாமானைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமா திரும்பி வரவே இல்லை. சண்டை முடிந்து, துரைமார் திரும்பி வந்து, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாக நாலைந்து பேர் வந்தபோது அம்மா ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தாள். பார்த்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

வேதக்காரருக்கு அந்த வாரமே ஆண்குழந்தை பிறந்தது. அவர் நல்ல ஆயுசோடு இருந்தார். என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து, என் தலையில் கை வைத்து, இந்தப் பிள்ளையின் ராசியான கைதான் எனக்கு உயிர்ப்பிச்சை போட்டது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? அப்பாவுக்காக நான் திருடினேன், அதற்குப் பெட்டி என் வீட்டிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொண்டுவிட்டது என்றுதான் அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிப் போன வீட்டில் சோறு கறி வைக்கும் மர அலமாரி ஒன்று இருந்தது. அதன் காலுக்கும் தண்ணீர் டின்தான். ஒருநாள் அவசரத்தில் அதன்மேல் இடுப்பை இடித்துக்கொண்டேன். துணி எடுத்துக்கொண்டு குனிந்தால், நான் இடித்த காலடியில் மட்டும்தான் தண்ணீர் சிந்தியிருந்தது. எதிர்ப்பக்க டின்னில் ஒரு சொட்டு அலுங்கவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமாவின் குண்டு விளிம்பிலிருந்து தானாக நழுவவில்லை. நான் அப்பாவுக்காக இடித்ததை அவர் பார்த்துவிட்டிருக்கிறார். அந்த இடியால் சயாமுக்குப் போகவேண்டியவர் வேதக்காரர் என்று ஆனதையும், வாசற்படியில் உட்கார்ந்திருந்தவளையும் பார்த்திருக்கிறார். கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு வழுக்கிவிட்டது என்றேன்.

ஆணிப்பெட்டியில் குண்டு இழுத்த அன்றைக்கு எல்லோரும் கலைந்துபோன பிறகு நான் மட்டும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். டின்னிலிருந்து தண்ணீர் சிந்தியிருந்தால் என் திருட்டு தெரிந்துவிடுமே என்று அப்போதுதான் உறைத்தது. குனிந்து பார்த்தேன். நான் நின்ற பக்கம் முன்காலடியில் ஓர் ஈரம். எதிர்ப்பக்கம், மாமா ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்ற பின்காலடியில் இன்னோர் ஈரம், என்னுடையதைவிடப் பெரியது. ஓர் இடிக்கு இவ்வளவு தூரமா சிந்தும் என்று நடுங்கிப்போய், யாராவது வருவதற்குள் பாவாடையை இழுத்து இரண்டையும் நானே துடைத்தேன்.